நவமணியின் பன்னிரண்டு எண்கள்

சலாவுதீன் பாய் கட்டிய பேனர் இருபது அடி நீளம். மலேசியாவில், கோல சிலாங்கூர் சாலையிலிருந்து கிளேர்மண்ட் தோட்டத்துக்குப் பிரியும் முச்சந்தியில், அவருடைய சாப்பாட்டுக் கடையின் கூரை முனையிலிருந்து எதிரே நின்ற மரம் வரைக்கும் அதை இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு மூலையில் பாய் கேட்டு வாங்கிப் போட்ட பிள்ளையார். நடுவில் நவமணியின் நீல அடையாள அட்டை, கட்டில் அளவுக்கு. முகம், பெயர், வீட்டு முகவரி, மேலே பன்னிரண்டு எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு சாண் உயரம். கீழே சிவப்பு எழுத்தில், "நாற்பத்தாறு ஆண்டுக் காத்திருப்பு வென்றது! நம் தோட்டத்து மகள் நவமணிக்கு வாழ்த்துகள்!"

செம்பனைக் குலை ஏற்றிப் பாமாயில் ஆலைக்குப் போகும் லோரிகள் அதன் அடியில் வந்ததும் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தன. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நவமணியும் தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள். யாரும் பார்க்கவில்லை என்றால் இரண்டு தடவை.

அவள் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வெள்ளம் வந்த மாதம். மழை விட்டதும் பதிந்துகொள்ளலாம் என்று இருந்த அப்பன், மழை விடுவதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டான். பிறகு யாரும் பதியவில்லை. இரண்டாவதாகப் பிறந்த தங்கை கண்மணிக்கும் அதே கதைதான். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. ஐசி இல்லாததால் தோட்டத்துப் பேர்ப் பதிவில் இடமில்லை. இருபது வருடமாகக் குத்தகைக்காரனிடம் உதிரி பொறுக்கினாள். தனபாலனோடு கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள், கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரி வரிசையில் நின்றாள். பதிவிலாகாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது வருடம் நடந்தாள்.

அட்டை கைக்கு வந்த அன்று, அலுவலக வாசலிலேயே தனபாலன் அதை அவள் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தான். குலை லோரி ஓட்டுகிறவன். கடா மாதிரி உடம்பு. படம் தெளிவாக வர மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. அங்கேயே நின்று முகநூலில் போட்டான். "என் மணி இந்த நாட்டுப் பிரஜை" என்று மட்டும் எழுதினான். வீடு வந்து சேர்வதற்குள் நானூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். அவனுடைய பதிவுகள் எல்லாமே 'எல்லோருக்கும்' என்றுதான் இருந்தன. அந்தச் சொல்லை அவன் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

பேனர் கட்டி மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, நவமணி தன் பெயரில் ஒரு கைப்பேசி லைன் எடுக்கப் போனாள். அதுவரை அவள் பேசிக்கொண்டிருந்த நம்பர் தனபாலன் பெயரில் இருந்தது. பாய் கடைக்கு அடுத்த கதவு கைப்பேசிக் கடை. அங்கே வேலை செய்தது பாயின் மகள் ஜஸ்மின்.

"நவமணி அத்தை! வாங்க வாங்க. ஐசி கொண்டாந்தீங்களா?"

"கொண்டாராம? தூங்கும்போதுகூடப் பக்கத்துலதான் இருக்கு."

ஜஸ்மின் சிரித்துக்கொண்டே அட்டையைப் பொறியில் செருகினாள். பிறகு எடுத்தாள். துடைத்தாள். மறுபடி செருகினாள்.

"அத்தை, இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது லைன் எடுத்தீங்களா?"

"இல்லையே ஜஸ்மின். இதான் மொத தடவ."

"உங்க பேர்ல ஏற்கனவே அஞ்சு லைன் இருக்குன்னு காட்டுது. அஞ்சுக்கு மேல குடுக்க முடியாது."

நவமணிக்கு முதலில் ஒரு சந்தோஷம்தான் வந்தது. தன் பெயரில் ஐந்து! பிறகுதான் ஜஸ்மின் முகம் சிரிக்கவில்லை என்று கவனித்தாள்.

"யாரோ உங்க ஐசிய வச்சு எடுத்திருக்காங்க அத்தை. பத்து நாளைக்குள்ள அஞ்சும். இந்த மாதிரி லைன வச்சுத்தான் லா ஆளுங்கள ஏமாத்துறானுங்க. போலீஸ், பேங்க்குன்னு சொல்லிக் கூப்பிடுவானுங்கல்ல, அது."

"என் கார்டு என் கிட்டயே இருக்கே?"

ஜஸ்மின் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். காற்றில் பேனர் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை நவமணி நெத்திலிச் சம்பால் வைத்தாள். மிளகாய் வதங்கும் நெடியில் வீடே தும்மியது. ஷாமளாதான் முதலில் வந்தாள். தனபாலனின் அக்கா மகள். புஞ்சாக் ஆலாமில் படிக்கிறாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுக்கு உயிர் கொடுப்பவள் அவள்தான். கொஞ்ச நேரத்தில் தனபாலன் லோரியை விட்டுவிட்டு, உடம்பெல்லாம் பழ எண்ணெய் மணக்க வந்து சேர்ந்தான். நவமணி சோற்றைப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

தனபாலன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான்.

"எவன் அவன்? ஆளக் காட்டச் சொல்லு."

"ஆளத் தெரிஞ்சா நான் ஏன் உங்கக்கிட்ட சொல்றேன்? நானே போயிருப்பேன்."

ஷாமளா அதற்குள் தனபாலனின் கைப்பேசியை எடுத்துவிட்டாள்.

"மாமா, இந்தப் படத்த எத்தன பேரு ஷேர் பண்ணியிருக்காங்க தெரியுமா? அறுநூத்திப் பன்னெண்டு. ஐசி நம்பர், அட்ரஸ், முகம். எல்லாம் கிளியரா இருக்கு. வேற என்னா வேணும் அவனுங்களுக்கு?"

"சந்தோஷத்துல போட்டேன் லா."

"சந்தோஷத்த போடுங்க. நம்பர ஏன் போட்டீங்க?"

"நம்பருதானே சந்தோஷம்!" என்றான் தனபாலன். "மூஞ்சி அவளுக்கு முன்னயும் இருந்துச்சு. பேரும் இருந்துச்சு. இல்லாதது அந்த நம்பருதானே?"

மழை தகரத்தில் இறங்க ஆரம்பித்தது. நவமணி ரசத்தை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"ஷாமளா, அந்த லைன்ல எவனாவது திருட்டு வேல பண்ணா, என் பேருலதான கேஸ் வரும்?"

"ரிப்போர்ட் குடுத்துட்டா வராது அத்தை."

"கார்ட திருப்பி வாங்கிருவானுங்களா?"

"அப்படியெல்லாம் வாங்க முடியாது அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்? பத்தொம்பது வருஷம் அந்த கவுண்டர்ல நின்னவ நானு. அவனுங்களால என்னா முடியும், என்னா முடியாதுன்னு அவனுங்களுக்கே தெரியாது." கரண்டியைக் கீழே வைத்தாள். "கண்மணியோட ஃபைலு இன்னும் மேசையிலதான் இருக்கு. அக்கா பேருல கேஸுன்னு எவனாவது எழுதி வச்சான்னா, அவளதும் சேந்து போச்சு."

யாரும் சாப்பிடவில்லை. ஷாமளா கைப்பேசியை நீட்டினாள்.

"மொதல்ல இந்தப் படத்த எடுத்துருவோம் மாமா."

தனபாலன் கையை நீட்டியபோது நவமணி தடுத்தாள்.

"இருங்க. எடுக்கணுமா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. "நாப்பத்தாறு வருஷமா நான் ஒளிஞ்சுதான் லா நடந்தேன். ரோட்ல போலீஸ் நின்னா செம்பனைக்குள்ள எறங்கி நடந்தேன். இப்பத்தான் நிமுந்து நடக்குறேன். மறுபடியும் மறைச்சு வைன்னா எப்படி?"

தனபாலன்தான் படத்தைப் பதிவிலிருந்து எடுத்தான். எடுத்த பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை நவமணியும் தனபாலனும் போலீஸ் நிலையம் போனார்கள். நவமணி தன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே நடந்து உள்ளே நுழைந்தாள். மேசையில் இருந்தவர் சார்ஜன் சேது, தமிழர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கேட்டார்.

"உங்க ஐசி படத்த யாருக்காவது குடுத்தீங்களா அக்கா? கடன் வாங்குற எடத்துல, வாட்ஸ்அப்புல, எங்கயாவது?"

நவமணி புருஷனைப் பார்த்தாள். தனபாலன் கூரையைப் பார்த்தான்.

"முச்சந்தியில, சார்," என்றாள்.

சார்ஜன் பேனாவை நிறுத்தினார். "அந்தப் பேனர் நீங்களா? நான் தெனம் அந்தப் பக்கந்தான் வரேன். ஒரு நாள் நின்னு வாசிச்சேன் அக்கா. ஆனா நம்பரு பெருசா இருக்கேன்னு எனக்கே தோணல பாருங்க. எங்க அம்மாவும் பிரஜை ஆகாமலே, செவப்பு ஐசியோடதான் செத்தாங்க. நீலத்தப் பாத்த சந்தோஷம் வேற ஒண்ணையும் பாக்க விடல."

ரிப்போர்ட்டின் அடியில் அவள் எண்ணை எழுதும் இடம் வந்தது. சார்ஜன் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "வாயால சொல்ல வேணாம். ஆளுங்க இருக்காங்க. நீங்களே எழுதுங்க." பின்னால் நின்ற நான்கு பேரிடமிருந்து காகிதத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு நவமணி எழுதினாள். மறைத்து எழுதுவது அவளுக்கு அவமானமாக இல்லை. பேங்கில் ரகசிய எண்ணை அழுத்துகிற பெரிய மனுஷர்கள் அப்படித்தான் கையை வைத்துக்கொள்வார்கள் என்று பார்த்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராகப் பாய் கடை. பாய் ரொட்டி மாவை அடித்துக்கொண்டிருந்தார்.

"பேனர எறக்கணுமா? ஏன் தங்கச்சி? நான் என்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்ல பாய். நம்பரு தெரியுது."

"தெரியணும்னுதானே பெருசா போடச் சொன்னேன்! அச்சடிக்கிற பையன் சொன்னான், நம்பரு வேணாம் பாய், மொகம் போதும்னு. நான்தான், டேய், அந்த நம்பருக்குத்தான்டா அவ அலைஞ்சா, அத மொதல்ல போடுன்னு சண்ட போட்டேன்." மாவுக் கையோடு வெளியே வந்து மேலே பார்த்தார். அவர் கண் கலங்கியது. "என் மவ சொன்னா. நான் நம்பல. நம்ம ஊர்ல எவன் தங்கச்சி இப்படிப் பண்ணுவான்?"

"நம்ம ஊர்க்காரன் பண்ணல பாய். ஆனா ரோடு நம்ம ஊரோட முடிஞ்சுறதில்லயே."

பாய் மாவுக் கையைத் துடைத்தார். பிறகு ஏணியை எடுத்து வந்தார். தனபாலன் ஏறினான். பாய் கீழே பிடித்தார். மரத்தில் கட்டிய முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது.

"வெட்டு லா, தனா."

"வெட்ட மாட்டேன். அவுப்பேன்."

"ராத்திரி வரைக்கும் அவுக்கப் போறியா? சாப்பாட்டுக்கு ஆளு வந்துருவாங்க."

"வரட்டும். ஒங்க கடைச் சாப்பாட்ட விட இந்த வேடிக்க நல்லாருக்கும்."

அரை மணி நேரம் ஆயிற்று. பேனர் இறங்கியதும் பாய் எண்கள் இருந்த பட்டையைக் கத்தரித்து, துண்டு துண்டாக்கி, ரொட்டி அடுப்பில் போட்டார். முகவரியையும் போட்டார். மிச்சத்தை மடித்து நவமணியிடம் கொடுக்க வந்தவர், யோசித்துவிட்டு, கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார். முகமும், "நம் தோட்டத்து மகள்" என்ற வரியும் மட்டும். "இதுக்கு எவனும் லைன் குடுக்க மாட்டான்ல?" என்று ஜஸ்மினைக் கூப்பிட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஆனால் வேலை முடியவில்லை. தனபாலன் படத்தை நீக்கியதும், அவன் பதிவிலிருந்து பகிர்ந்த அறுநூற்றுச் சொச்சமும் சேர்ந்து மறைந்துவிட்டன. படத்தைத் தங்கள் கைப்பேசியில் இறக்கி, தாங்களே புதிதாகப் போட்டவர்கள் பதினேழு பேர். ஷாமளா தேடித் தேடிப் பட்டியல் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நவமணி தனபாலனின் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனாள். போன இடமெல்லாம் தேத்தண்ணி ஆத்திக் கொடுத்தார்கள். எடுக்கச் சொன்னதும் பலர் முகம் வாடியது. "நாங்க பெருமையா போட்டோம்," என்றார்கள். "அதுக்குத்தான் நானே வந்தேன். போன்ல சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பீங்க," என்றாள் நவமணி. பதினாறு பேர் அவள் கண் முன்னாலேயே எடுத்தார்கள். பதினேழாவது ஆள் ஜொகூரில் இருந்தான். அவனைத் தனபாலன் போனில் கூப்பிட்டுத் தன் பாஷையில் பேசினான். எடுத்துவிட்டான்.

அன்று இரவு மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். முதலில் தனபாலனின் கணக்கு.

"நண்பர்கள் நாலாயிரத்து எரநூறா?" ஷாமளா தலையில் கை வைத்தாள். "இது யாரு மாமா?"

"தெரியல."

"இது?"

"ஹாய்னு போட்டான். நானும் ஹாய்னு போட்டேன்."

"இந்தப் பொம்பள?"

நவமணி எட்டிப் பார்த்தாள். தனபாலன் அவசரமாக, "அது லோரி டயர் விக்கிற கம்பெனி லா," என்றான். நவமணி சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. இரண்டு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பழைய பதிவுகளை ஒரே அடியாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்க ஒரு வழி இருந்தது. அதை அழுத்தினார்கள். தெரியாத நண்பர்களைக் களையெடுப்பதைத் தனபாலனிடமே விட்டுவிட்டு, ஷாமளா திரும்பினாள்.

"அத்தை, உங்களுக்கு ஒரு கணக்கு தொறப்போம்."

"எனக்கெதுக்கு? இவ்வளவு பட்டது போதாதா?"

"இது வரைக்கும் உங்களப் பத்தி மாமா போட்டாரு, பாய் போட்டாரு, ஊரே போட்டுச்சு. நீங்க போடவே இல்லையே."

நவமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்வியாக வந்தது. தொலைபேசி எண்ணை யார் பார்க்கலாம்?

"பாக்கலாம்னா, யாரு யாருக்குக் காட்டலாம்னு நான் சொல்லணுமா?"

"ஆமா அத்தை. எல்லோரும், நண்பர்கள், எனக்கு மட்டும். மூணுல ஒண்ணு."

"எனக்கு மட்டும்."

பிறந்த நாள் வந்தது. நவமணி யோசித்தாள். அவளுடைய பிறந்த நாளுக்காக மருத்துவச்சியின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு எத்தனை படி ஏறியிருக்கிறாள்! எந்த கவுண்டரிலும் அவளிடம் யாரும் கேட்டதில்லை, உன் விஷயத்தை யாரிடம் சொல்லலாம் என்று. வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை," என்றுதான் கத்துவார்கள்.

"பொறந்த நாள எல்லாரும் பாக்கட்டும். வாழ்த்துவாங்கல்ல?"

"ஐசி நம்பரோட முதல் ஆறும் பொறந்த தேதிதான் அத்தை."

"ஓ." விரல் திரையின் மேல் நின்றது. "அப்ப நாளும் மாசமும் எல்லாரும் பாக்கட்டும். வருஷம் எனக்கு மட்டும். அப்படிப் பிரிக்க முடியுமா?"

"முடியும்," என்றாள் ஷாமளா, கொஞ்சம் அசந்துபோய்.

"வயசு தெரியாம இருக்குறது பொம்பளைங்களுக்கு நல்லதுதானே," என்றான் தனபாலன், தன் நாலாயிரம் பேருக்கு நடுவிலிருந்து.

அவளே ஒவ்வொன்றாக அழுத்தினாள். முகவரி, எனக்கு மட்டும். ஊர், எல்லோரும். பெயர், எல்லோரும். உறவு என்று வந்த இடத்தில் தனபாலனின் பெயரைத் தேடி எடுத்து, ஷாமளா கேட்பதற்கு முன்பே 'எல்லோரும்' என்று அழுத்தினாள். தனபாலன் களையெடுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது.

பன்னிரண்டு நாளில் ஐந்து லைன்களும் மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை மூன்று இடத்தில் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும், "இத வச்சு என்னா பண்ணுவீங்க? எங்க வைப்பீங்க?" என்று அவள் கேட்டாள். ஓரிடத்தில் பதில் சொல்லத் தெரியாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். ஜஸ்மின் அவளுக்குப் புது லைன் போட்டுக் கொடுத்தாள்.

அந்த நம்பரிலிருந்து அவள் முதலில் கூப்பிட்டது கண்மணியை. கண்மணி சுங்கை ஆயர் தாவாரில் இருக்கிறாள். நெல் வயலோரம் வீடு. அவள் புருஷன் திவாகரன் தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போகிறவன்.

"அக்கா, மாமா போட்ட படத்தக் காணோமே? தெனம் ஒரு தடவ எடுத்துப் பாப்பேன்."

"எடுத்தாச்சு கண்மணி."

"எனக்கு மட்டும் அனுப்பேன். அடுத்த மாசம் பதிவிலாகாவுல என்னயக் கூப்பிட்டிருக்காங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போனா தைரியமா இருக்கும்."

நவமணி இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அனுப்ப மாட்டேன்."

"என் மேலயா அக்கா நம்பிக்கை இல்ல?"

"லூசு. சோறு ஆக்கி வை. நாளைக்கு நேர்ல கொண்டாறேன்."

மறுநாள், சனிக்கிழமை, தனபாலன் லோரிக்கு லீவு சொன்னான். மோட்டாரில் ஒன்றரை மணி நேரம். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. புகையில் இருவர் கண்ணும் சிவந்தன. கண்மணி மீன் குழம்பும் கீரையும் வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் நவமணி இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, அட்டையை எடுத்துத் தங்கையின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள்.

கண்மணி அதைப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். விரலால் தடவினாள். திருப்பினாள். அக்காவின் முகத்தின் கீழே சின்ன எழுத்தில் இருந்த 'வார்கநெகாரா' என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிரஜை. இன்னொரு தடவை வாசித்தாள்.

"எவ்வளவு லேசா இருக்கு அக்கா," என்றாள். "நான் கனமா இருக்கும்னு நெனச்சேன்."

திவாகரன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க. ஒரு படம் எடுத்துப் போடுவோம். நம்ம மாதிரி அலையுறவங்க பாக்கட்டும், கெடைக்கும்னு."

தனபாலன் பதறி எழுந்தான். "டேய், வேணாம் லா, இப்பத்தான்..."

நவமணி கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள். தங்கையின் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, மறு கையால் அட்டையை வாங்கித் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். கட்டைவிரலை எண்களின் மேல் வைத்தாள். அது பன்னிரண்டையும் மூடவில்லை. நடுவிரலை வளைத்துக் கொண்டு வந்து மிச்சத்தை மூடினாள். கண்மணி புரிந்துகொண்டு, தன் விரலை நீட்டி முகவரியை மறைத்தாள். நவமணியின் முகமும் பெயரும் அந்த ஒரு சொல்லும் மட்டும் வெளியே இருந்தன.

"இப்ப எடுங்க தம்பி," என்றாள் நவமணி. "எடுத்து எல்லாருக்கும் போடுங்க."